மேல் போர்ஷன் இறங்கிய விதம்

ஆடி மாதம் மூன்றாவது வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பம்ப் ஹவுஸ் வீதி சென்னியப்பன் வீட்டின் மேல் போர்ஷன், கீழ் வீட்டை விட்டு நாலு விரல் மேலே கிளம்பி நின்றது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. சமையல்கட்டில் பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்த அவருடைய மனைவி தெய்வாத்தாள், சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் வெயில் கோடு கிழித்தாற்போல் உள்ளே விழுவதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மேல வூடு விட்டுப்போச்சுங்க" என்றாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து, ஸ்டூல் மேல் ஏறி, இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். கை அந்தப் பக்கம் போய் வந்தது. வெளியே நல்ல காற்று.

"சிமெண்ட்டுல கலப்படம்" என்றார் சென்னியப்பன்.

அவர் நூற்பாலையில் முப்பத்தோரு வருஷம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கலப்படத்தைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். மேல் போர்ஷனை மகன் யுவராஜுக்காகக் கட்டியிருந்தார். யுவராஜ் அதில் பதினாறு மாதம் இருந்துவிட்டுக் கனடாவுக்குப் போனான். அன்று பூட்டிய வீடு ஐந்து வருஷமாகப் பூட்டியே கிடந்தது. அந்த ஐந்து வருஷத்தில் வீடு கேட்டு நாற்பத்தேழு குடும்பங்கள் வந்தன; கறி சமைப்பார்கள் என்று பதினொன்றை, பெயரைக் கேட்டதுமே ஒன்பதை, ஊரைக் கேட்டபிறகு ஆறை, ஆண் துணை இல்லை என்று ஒரு டீச்சரை, ஆண்களாகவே இருக்கிறார்கள் என்று நாலு ஐ.டி. பையன்களை, கைக்குழந்தை அழும் என்று ஒரு தம்பதியை, குழந்தையே இல்லாதவர்கள் எப்போது வேண்டுமானாலும் காலி செய்துவிடுவார்கள் என்று இன்னொரு தம்பதியை, வக்கீல் என்று ஒருவரை, போலீஸ் என்று ஒருவரை, இப்படி ஒவ்வொருவரையும் ஒவ்வொரு நியாயத்தோடு சென்னியப்பன் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். நியாயம் எதுவும் அகப்படாத நாளில், "பையன் வந்தா தங்கோணுமுங்க" என்பார்.

மேஸ்திரி குப்பண்ணன் வந்து பார்த்தார். "புது வூடு ஒக்காரப் பத்து வருசமாகுமுங்க. இது ஒக்கார்றதுக்கு முந்தி எந்திரிச்சிருச்சு. பாரம் ஏத்துங்க, தானா எறங்கும்" என்றார். அறுபது மூட்டை மணல் ஏற்றினார்கள். இரண்டாயிரம் லிட்டர் தொட்டி வாங்கி வைத்து நிரப்பினார்கள். தெய்வாத்தாளின் அக்கா வீட்டிலிருந்து இரண்டு இரும்பு பீரோ வந்தது. வீடு இறங்கவில்லை, வாரத்துக்கு இரண்டு விரல் வீதம், வியாழக்கிழமை தோறும், அவசரம் இல்லாமல் மேலே போனது. ஐப்பசி வந்தபோது இடைவெளி ஒரு முழத்தைத் தாண்டியிருந்தது, வாசலிலிருந்து ஏறுகிற படிக்கட்டு போய்ச் சேராமல் அந்தரத்தில் நின்றது, மேலே போக மரஏணி சாத்த வேண்டியிருந்தது.

வீதி இதையெல்லாம் ஒரு மாதத்தில் பழகிக்கொண்டது. தெய்வாத்தாள் இடைவெளியைச் சுற்றிக் கொசுவலை அடித்தாள், கூரை இப்படி உயர்ந்ததில் கோடை தெரியாது என்று பக்கத்து வீட்டுக்காரி பொறாமைப்பட்டாள், கேபிள் டிவிக்காரர் சுவரில் ஓட்டை போடாமலே அந்த வழியாக நாலு வீட்டுக்கு ஒயர் இழுத்துக்கொண்டார், முகவரி சொல்கிறவர்கள் "கெளம்புன வூட்டுக்கு மூணாவது வூடு" என்று சொல்லப் பழகினார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வாஸ்து பார்க்கிறவர், எட்டுத் திக்கிலும் காற்று வருவதால் தோஷம் இல்லை, ஆனால் லாபமும் இல்லை என்றார். அதற்குள் நகரத்தில் பூட்டிக் கிடந்த வேறு வீடுகளும் கிளம்பத் தொடங்கியிருந்தன. புறவழிச்சாலை அடுக்குமாடி ஒன்றில், விலை ஏறட்டும் என்று விடாமல் வைத்திருந்த நாலாவது மாடி, ஐந்தாவது ஆறாவது மாடிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு எழுந்தது. அந்த மாடிகளில் குடியிருந்தவர்கள் லிப்டிலிருந்து ஒரு எட்டு தாண்டிக் குதித்து வீட்டுக்குள் போனார்கள்.

மாநகராட்சியிலிருந்து ஹேமலதா என்கிற அலுவலர் டேப்போடு வந்து அளந்தார். அனுமதித்த உயரம் இருபத்து நாலு அடி, தற்போது இருபத்தைந்தரை, பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்தார். நோட்டீஸோடு ஒரு ரோஸ் நிறத் துண்டறிக்கையும் தந்தார். 'அன்பார்ந்த வீட்டு உரிமையாளரே, பூட்டிய வீட்டைக் குறைந்த வாடகைக்கு விட்டு உழைக்கும் குடும்பங்களுக்கு உதவுங்கள், சொத்துவரியில் பாதி தள்ளுபடி பெறுங்கள்' என்று அதில் இருந்தது. அந்தத் திட்டம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வந்திருந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று. அது ஹேமலதாவின் மாமனார் போட்டது. அவரும் வாடகை என்கிற கட்டத்தில் 'நேரில் பேசிக்கொள்ளலாம்' என்று எழுதியிருந்தார்.

ஐப்பசியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முத்துப்பேச்சி வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, கணவன் சுடலைமணி நூல் குடோனில் மூட்டை ஏற்றுகிறவன். இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாலு பேருமாகக் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். சென்னியப்பன் வழக்கப்படி, "எந்த ஊருங்க, பேரு என்னங்க" என்று ஆரம்பித்தார். அதற்குள் மழை கொட்டியது.

"மழையில நிக்க வெச்சு என்ன கேள்வி?" என்று உள்ளேயிருந்து தெய்வாத்தாள் கத்தினாள். "அம்மிணி, புள்ளைகளக் கூட்டிட்டு மேல போய் நில்லுங்க. சாவி கதவுலயே இருக்குது. ஏணி வழுக்கும், பாத்து."

நாலு பேரும் ஏறிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டில் வெளிச்சம் குறைந்தது. தெய்வாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். முழத்துக்கு மேல் இருந்த இடைவெளி ஒரு சாணாகச் சுருங்கியிருந்தது.

"ஏனுங்க! எறங்குதுங்க!"

சென்னியப்பன் ஏணியில் ஓடினார். மேல் இரண்டு படி அவருக்குத் தேவைப்படவே இல்லை. உள்ளே மணல் மூட்டைகளுக்கு நடுவில் சின்னவள் வள்ளிமயில் வெறுந்தரையில் கையைக் காலை விரித்துப் படுத்துக்கொண்டு, "எம்மா, இங்க ரெண்டு சன்னல் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சி அவளை எழுப்பி நிறுத்தி, "வாடகை எவ்வளவுங்கய்யா?" என்றாள்.

"பன்னண்டாயிரம்" என்றார் சென்னியப்பன். அது பழக்கத்தில் வந்துவிட்டது.

முத்துப்பேச்சி கணவனைப் பார்த்தாள். "வா பிள்ள, மழ விட்டுட்டு" என்று மகள் கையைப் பிடித்தாள். மழை விடவில்லை. காலடியில் தரை மெல்ல ஏறியது.

கீழேயிருந்து தெய்வாத்தாள், "என்ன சொன்னீங்க? மறுக்காவும் கெளம்புது!" என்றாள்.

"ஒம்பது" என்றார் சென்னியப்பன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு.

"நிக்குது, ஆனா எறங்கலைங்க!"

"ஏழு. சரி, அஞ்சு. அஞ்சாயிரம்."

"எறங்குதுங்க! நாலு விரலு!"

முத்துப்பேச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு வருஷத்தில் எந்த வீட்டுக்காரரும் அவளிடம் கேட்காமல் வாடகையை இறக்கியது கிடையாது. வீட்டில் ஏதோ கொலை நடந்திருக்கும் போலிருக்கிறது என்று சுடலைமணி அவள் காதில் சொன்னான்.

"பதினோரு மாசம் அக்ரிமெண்ட்டு. அதுக்கப்பறம் நாங்க சொல்றன்னைக்குக் காலி பண்ணிரோணும்" என்றார் சென்னியப்பன். வீடு மறுபடி ஒரு சாண் எழுந்தது. தெய்வாத்தாளின் குரல் கேட்பதற்கு முன்பே அவருக்குக் காலில் தெரிந்தது.

"ஐயா," என்றாள் முத்துப்பேச்சி, "ஒன்பது வருசத்துல எட்டு வீடு மாறியாச்சு. பாதிச் சாமானைச் சாக்குல இருந்து அவுக்குததே இல்ல, என்னத்துக்கு அவுக்கன்னு. வாடகை முன்னப்பின்ன இருந்தாலும் ஓவர்டைம் பாத்துக் குடுத்துருவோம். எத்தன நாளைக்கு இருக்கலாம்னு மட்டும் உண்மையாச் சொல்லிருங்க. அதுக்குத் தக்கன சாக்கை அவுத்துக்கிடுதேன்."

கொசுவலைக்குக் கீழேயிருந்து தெய்வாத்தாள்தான் சொன்னாள். "நீங்க இருக்கற வரைக்கும் இருங்க அம்மிணி. உங்கள யாரும் போகச் சொல்ல மாட்டாங்க. நாஞ் சொல்றேன்."

பெரியவள் பையைக் கீழே வைத்தாள். இட்லிப் பானைமேல் மூடி உட்கார்ந்தாற்போல் மேல் போர்ஷன் கீழ் வீட்டின்மேல் உட்கார்ந்தது. சென்னியப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கறி எடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கெழம மீன் எடுப்போம்யா."

அவர் தரையைப் பார்த்தார். "சரி, எடுங்க" என்றார்.

சேதி நகரம் முழுக்கப் பரவ மூன்று நாள் ஆனது. பாரம் எவ்வளவு ஏற்றினாலும் இறங்காத வீடு, போகச் சொல்லமாட்டார்கள் என்று நம்புகிற ஆள் ஒருவர் உள்ளே இருந்தால் இறங்குகிறது என்பதை முதலில் எந்த வீட்டுக்காரரும் நம்பவில்லை. ஒருவர் உடற்பயிற்சிக்கூடத்திலிருந்து எட்டு தடியர்களைத் தினக்கூலிக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார். சாயங்காலம் போகிறவர்கள்தானே என்று வீடு இன்னும் உயர்ந்து, அவர்களை இறக்கத் தீயணைப்பு வண்டி வந்தது. இன்னொருவர் மச்சான் குடும்பத்தைக் குடிவைத்தார், அதிலும் இறங்கவில்லை, மச்சானுக்கு அவரைத் தெரியும். கடைசியில் வேறு வழி இல்லாமல் எல்லோரும் ரோஸ் நிற விண்ணப்பத்தை வாங்க மாநகராட்சி வாசலில் வரிசையில் நின்றார்கள். வாடகை இறங்கியது, வீடுகள் இறங்கின, பதினோரு மாத ஒப்பந்தம் போட்டவர்களின் வீடுகள் பத்தாவது மாதமே பட்டம்போல் ஆடத் தொடங்கியதால் ஒப்பந்தங்கள் மூன்று வருஷம் ஐந்து வருஷம் என்று நீண்டன. பழைய கேள்விகளைக் கேட்பதை மட்டும் யாரும் விடவில்லை. கேட்டுவிட்டு, "சும்மா தெரிஞ்சுக்கறதுக்குத்தான்" என்று சிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். வீடுகள் குடித்தனக்காரர் பக்கம் சாய்வதைக் கண்டித்து உரிமையாளர் சங்கம் தீர்மானம் போட்டது. துண்டறிக்கையின் எளிய, உருக்கமான மொழிநடைதான் இந்த வெற்றிக்குக் காரணம் என்று அரசு ஒரு குழு அமைத்துக் கண்டறிந்து ஹேமலதாவுக்கு விருது கொடுத்தது. அவர் வெளியூர்களுக்குப் போய், வீட்டு உரிமையாளர்களின் மனத்தைத் தொடுவது எப்படி என்று பேசிவிட்டு வந்தார்.

அடுத்த வருஷம் மார்கழியில் யுவராஜ் வந்தான். மேலே ஆள் இருந்ததால் ஹாலில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அவன் நல்ல பிள்ளைதான். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியும் அம்மாவுக்கு மூட்டு வலிக்கு மாத்திரையும் வாங்கி வந்திருந்தான். வந்த ஐந்தாம் நாள், "வயசாகுதுப்பா. பின்னாடி அலைச்சல் வேண்டாம். வீட்ட என் பேருக்கு எழுதி வெச்சிட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்றான். சென்னியப்பனுக்கும் நியாயமாகப் பட்டது. செவ்வாய்க்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, மூவரும் மத்தியானம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"ஒரு பில்டர் கேட்டுட்டு இருக்காருப்பா" என்றான் யுவராஜ், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "உடனே இல்ல. ரெண்டு வருசம் ஆகலாம். அதுவரைக்கும் நீங்க தாராளமா இங்கயே இருங்க. அப்புறம் நல்ல ஹோம் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். லிப்ட் இருக்கு, டாக்டர் தினம் வருவார்."

தெய்வாத்தாள் கையில் வாங்கிய அப்பளம் கையிலேயே இருந்தது. வாசல்பக்கம் ஏதோ வேர் அறுகிறாற்போல் ஒரு சத்தம். ரசக் கிண்ணம் ஓர் அங்குலம் நகர்ந்து நின்றது.

முத்துப்பேச்சி படியில் இறங்கி வந்தாள். கடைசிப் படியும் தரையும் சேராமல் கால் தடுமாறி, தூணைப் பிடித்து நின்று, "ஐயா! வீடு மொத்தமும் எந்திச்சிட்டு!" என்று கூப்பிட்டாள்.

யுவராஜ் நிலநடுக்கமா என்று போனில் தேடினான். சென்னியப்பன் எழுந்து வாசலுக்குப் போனார். வாசல்படிக்கும் மண்ணுக்கும் நடுவில் நாலு விரல். இந்தமுறை அவர் சிமெண்ட்டைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கூச்சமாக இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் சொந்தக் காசில் கட்டிய வீட்டில், சாப்பிட்டுக் கை கழுவாத நேரத்தில், தாராளமாக இருங்கள் என்று ஒருவர் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆளாக அவர் ஆகிவிட்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் மனைவி பின்னால் நின்றாள்.

"இருங்கன்னுதானே பையன் சொல்றான்" என்றார் அவளிடம்.

"ஆமாங்க. அதுவரைக்கும்னு சொல்றான்" என்றாள் அவள்.

யுவராஜ் பொங்கலுக்கு முன்பே திரும்பிப் போய்விட்டான். வீடு நிற்கிற விதத்தைப் போனில் சொன்னபோது, "பவுண்டேஷனச் செக் பண்ணச் சொல்லுங்கப்பா" என்றான். செக் பண்ண பில்டரின் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, "ஏற்கெனவே கழண்டுதான் இருக்கு சார், இடிக்கிற செலவு மிச்சம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். தெய்வாத்தாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர்கள் போனதும், முட்டி வலியோடு மேல் போர்ஷனுக்கு ஏறிப்போய், முத்துப்பேச்சி வீட்டு நாற்காலியில் முதல்முறையாக உட்கார்ந்து அழுதாள்.

"அப்ப நாங்களும் போகணுமாம்மா?" என்றாள் முத்துப்பேச்சி.

"உங்களப் போகச் சொல்ல மாட்டோம்னு நான்தான அம்மிணி சொன்னேன். அந்தச் சொல்லு இப்ப எங்கையில இல்லியே."

முத்துப்பேச்சி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு, எட்டு வீட்டிலிருந்து கிளம்பியவளுக்கு இதில் அனுபவம் அதிகம் என்பதால், யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கிழமையில் மனு வாங்குவார்கள், எந்த மேசையில் நிற்கக் கூடாது என்று வரிசையாகச் சொன்னாள். பெற்றவர்களைத் தவிக்கவிடுகிற பிள்ளைக்கு எழுதிக் கொடுத்ததைத் திரும்ப ரத்து செய்ய வழி இருக்கிறது என்று அவள் கம்பெனியில் ஒரு பெண் சொல்லக் கேட்டிருந்தாள். சென்னியப்பன் முதலில் மறுத்தார். பையன்மேலே மனுவா என்றார். பதினொரு நாள் யோசித்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் செய்தித்தாள் எடுக்க இறங்கும்போது, முந்தின நாள் இருந்ததைவிட அரை முழம் அதிகம் இறங்க வேண்டியிருந்தது. குளித்துவிட்டு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை நடந்த அன்று முத்துப்பேச்சியும் சுடலைமணியும் சம்பளத்தை விட்டு லீவு போட்டுச் சாட்சிக்கு வந்தார்கள். கனடாவிலிருந்து யுவராஜ் வீடியோவில் வந்தான். "எங்கப்பாவ நான் வெளிய அனுப்புவேனா சார்? ரெண்டு வருசம் இருக்கச் சொல்லியிருக்கேனே" என்றான். அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார் அதிகாரி. பிறகு சாட்சிகளைக் காட்டி, "இவங்க யாரு? சொந்தமா?" என்று சென்னியப்பனைக் கேட்டார்.

"இல்லீங்க" என்றார் சென்னியப்பன். "மேல இருக்கறவங்க."

எழுதிக் கொடுத்ததை ரத்து செய்து உத்தரவு சித்திரையில் வந்தது. தபால்காரர் வீட்டுக்குள் ஏறிக் கையெழுத்து வாங்கிவிட்டு இறங்குவதற்குள் வீடு மண்ணைத் தொட்டுவிட்டதால், இல்லாத உயரத்துக்குக் காலை நீட்டிக் கொஞ்சம் தடுமாறினார். சாயங்காலம் யுவராஜிடமிருந்து போன் வந்தது. "அப்ப நான் வந்தா எங்க தங்கறதுப்பா?" என்றான். "ஹால்ல" என்றார் சென்னியப்பன். "கட்டில எடுக்கல. எப்ப வேணாலும் வா." தெய்வாத்தாள் போனை வாங்கி, மூட்டு வலி மாத்திரை தீர்ந்துவிட்டது என்றாள். வாங்கி அனுப்புவதாக அவன் சொன்னான்.

இப்படி எல்லாம் அமர்ந்தபிறகு, ஒரு வாரம் நன்றாகத் தூங்கி எழுந்த சென்னியப்பனுக்கு, வீட்டுக்காரர் என்கிற நினைப்பு மறுபடி உடம்பில் ஊறியது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, வாடகையில் ஐந்நூறு கூட்டிக் கேட்டால் தப்பா என்று தெய்வாத்தாளிடம் கேட்டார். "சொல்றதுன்னா நீங்களே போய்ச் சொல்லுங்க" என்று அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அவர் சட்டை போட்டுக்கொண்டு மேலே ஏறினார்.

முத்துப்பேச்சி பாயில் காகிதங்களைப் பரப்பி வைத்து ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். வள்ளிமயிலுக்குப் புதுப் பள்ளிக்கூடம். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்கய்யா. நானே கீழ வரணும்னு இருந்தேன். இதுல நிரந்தர முகவரின்னு ஒரு கட்டம் இருக்கு. எப்பவும் அதுல கோடு போட்டுருவேன். இந்தத் தடவை உங்ககிட்டக் கேக்காமலே இந்த வீட்டப் போட்டுட்டேன்." காகிதத்தை அவரிடம் நீட்டினாள். "தப்பு ஒண்ணும் இல்லியே?"

சென்னியப்பன் காகிதத்தை வாங்கி, கண்ணாடி இல்லாததால் கையை நீட்டி வைத்துப் பார்த்தார். ஐந்நூறு என்கிற சொல் வாய் வரைக்கும் வந்திருந்தது.

"தப்புத்தான்" என்றார். "பழைய நம்பர மட்டும் போட்டிருக்கறீங்க. புது நம்பரு இருபத்தி ஏழு. ரெண்டையும் போடோணும். இல்லீன்னா லெட்டரெல்லாம் அடுத்த வீதிக்குப் போயிரும்."

அவள் அடித்து எழுதும்வரை நின்று பார்த்துவிட்டுப் படியிறங்கி வந்தார். தெய்வாத்தாள் வெங்காயத்திலிருந்து நிமிர்ந்து, "சொல்லீட்டீங்களா?" என்றாள்.

"சொல்லீட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"எழுதிக்கிட்டாங்க" என்றார் சென்னியப்பன்.